விண்ணப்பக் கட்டுரையில் நாம் எங்கே?

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு நம் நாளிதழ்களில் இரண்டு வகையான செய்திகளைக் காணலாம். முதல் வாரத்தில் சிறந்த தேர்ச்சி பெற்ற மாணவர்களின் புன்னகை பூத்த படங்கள் வரும். சில வாரங்கள் கழித்து, நல்ல தேர்ச்சி இருந்தும் இடம் கிடைக்கவில்லை, உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை என்ற மனக்குமுறல்கள் வரும். இந்த இரண்டு செய்திகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பாரங்கள் நிரப்பப்படுகின்றன. 'உன்னைப் பற்றி எழுது' என்று கேட்கும் ஒரு பக்கம் எப்படியோ நிரப்பப்படுகிறது. நேர்முகத் தேர்வு நடக்கிறது.

கோட்டாவைப் பற்றியும் கொள்கையைப் பற்றியும் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். இனியும் பேசத்தான் வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ, அதற்கு மேல் பெற்றவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசன் இடம் என்று 2024ஆம் ஆண்டு அரசாங்கம் அறிவித்ததும் அத்தகைய நெடுநாள் குரல்களுக்குப் பிறகுதான். ஆனால், நம் மாணவர்களில் பெரும்பாலோர் 10ஏ பட்டியலில் இல்லாதவர்கள். அவர்களின் கையில் இருக்கும் அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

"கட்டுரையைப் பார்த்தா இடம் கொடுக்கிறார்கள்? எல்லாம் புள்ளிகள்தாம்" என்று சிலர் கூறலாம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளிகளில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் போய்விடுகிறது. அங்கே கட்டுரைக்கு இடமில்லை. ஆனால், மருத்துவம், ஆசிரியர் கல்வி போன்ற துறைகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. நிறுவனங்களும் அறவாரியங்களும் வழங்கும் உபகாரச் சம்பளங்களுக்குப் பெரும்பாலும் கட்டுரை உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அது இல்லாமல் விண்ணப்பமே இல்லை. பணம் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இவையெல்லாம் கூடுதல் வாய்ப்புகள். பணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குச் சில வேளைகளில் இவைதாம் ஒரே வாய்ப்பு.

கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் பயின்ற இடைநிலைப்பள்ளியைச் சேர்ந்த தம்பி தங்கையரின் விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். முப்பது கட்டுரைகளாவது படித்திருப்பேன். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினம். 'சிறு வயது முதலே' என்றுதான் பெரும்பாலானவை தொடங்குகின்றன. மருத்துவம் படிக்க விரும்புவோர் அனைவரின் வீட்டிலும் ஒரு தாத்தா நோயில் படுத்திருக்கிறார். பொறியியல் படிக்க விரும்புவோர் எல்லாரும் விளையாட்டுக் காரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். அனைவரும் கடின உழைப்பாளிகள். அனைவருக்கும் தலைமைத்துவப் பண்பு உண்டு. அனைவரும் நாட்டுக்குச் சேவையாற்றுவார்கள்.

இது நம்மவர்க்கு மட்டும் உரிய நோய் அன்று. பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு 2007ஆம் ஆண்டில் விண்ணப்பக் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டாவது பிறந்தநாளில் வேதியியல் பெட்டியை வைத்து விளையாடி இரவு உடையில் ஓட்டை போட்டுக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். நோயுற்ற தாத்தாவைப் பற்றி எழுதியவர்கள் 175 பேர். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், மூன்றாவது மொழியில் எழுதும் நம் பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால், நம்மிடம் இந்த நோய்க்கு நமக்கே உரிய காரணங்கள் சில இருக்கின்றன.

தமிழ்ப்பள்ளியில் பயின்ற அனைவருக்கும் 'தன்கதை' நினைவிருக்கும். நான் ஒரு குடை, நான் ஒரு மிதிவண்டி, நான் ஒரு பள்ளிச் சீருடை. ஆறாம் ஆண்டு முடிவதற்குள் எத்தனை பொருள்களாகப் பிறந்து, எத்தனை கடைகளில் தொங்கி, எத்தனை எசமானர்களிடம் உழைத்து, கடைசியில் எத்தனை குப்பைத் தொட்டிகளில் கிடந்தோம்! அந்தப் பயிற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கே பிறந்தேன், யார் என்னை வாங்கினார், எதற்குப் பயன்பட்டேன், என்ன கண்டேன் என்று வரிசையாகச் சொல்லக் கற்றுக் கொடுத்தது அதுதான். ஆனால், குடைக்கு வாழ்க்கை வரலாறு எழுதிய நம்மிடம், 'நீ எங்கே பிறந்தாய், என்ன கண்டாய்' என்று எவரும் கேட்கவில்லை. உவமைத்தொடருக்கும் இரட்டைக்கிளவிக்கும் புள்ளி கிடைத்தது. உண்மைக்குத் தனியாகப் புள்ளி கிடையாது.

இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு 'நான்' என்ற சொல்லே கட்டுரையிலிருந்து மெல்ல மறைந்து போனது. சாலை விபத்துகளைக் குறைக்கும் வழிகள், போதைப்பொருளின் தீமைகள், ஒற்றுமையை வளர்ப்பதில் அரசாங்கத்தின் பங்கு என்று மலாய்மொழிக் கட்டுரைகளை எழுதிக் குவித்தோம். முன்னுரை, மூன்று கருத்துகள், ஒரு பழமொழி, முடிவுரை. பதினோர் ஆண்டுகள் இப்படிப் பழகிய கை, பதினெட்டாவது வயதில் திடீரென்று 'உன்னைப் பற்றி எழுது' என்றதும், தன்னையும் சாலை விபத்தைப் போல முன்னுரையும் மூன்று கருத்துகளுமாகவே எழுதுகிறது. வேறு எப்படி எழுதும்?

இன்னொரு காரணம் நம் வீடுகளில் இருக்கிறது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அற்பத்தனம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பிள்ளை தான் செய்ததைச் சொன்னாலே, 'பெருமை அடித்துக்கொள்ளாதே' என்று தலையில் ஒரு குட்டு விழும். இது நம் மரபு என்றே பலர் நினைக்கிறார்கள். மரபு சொல்வது பாதிதான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர், எத்தனை நூல் செய்தாலும் புலவன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார். ஆனால், அடுத்த நூற்பாவிலேயே விலக்குகளையும் சொல்லிவிடுகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களிடையேயும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த போதும் தன்னைப் புகழ்ந்து கொள்ளலாம் என்கிறார்.

எஸ்.டி.பி.எம். காலத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உபகாரச் சம்பள விண்ணப்பம் என்பது இந்தக் காலத்து அரசவைக்கு எழுதும் ஓலைதானே? அதைப் படிப்பவர் நம் ஆற்றலை அறியாதவர்தானே? அடக்கத்தைப் போதித்த அதே நூல்தான், அறியாதவரிடம் தன்னை அறிவித்துக் கொள்வது தகும் என்றும் சொல்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, இரண்டாவது பாதியைத் தேர்வு அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இவற்றால் நம் மாணவர்கள் இரண்டு பள்ளங்களில் ஏதாவது ஒன்றில் விழுகிறார்கள். ஒன்று, மேலே சொன்ன மனப்பாடக் கட்டுரை. மற்றொன்று, கண்ணீர்க் கட்டுரை.

ஒரு தம்பி பொறியியல் படிக்க உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்திருந்தான். தந்தை கொள்கலன் லாரி ஓட்டுநர். ஒரு பக்கம் முழுவதும் தந்தையின் துன்பம்: கிள்ளான் துறைமுகத்திலிருந்து இரவெல்லாம் ஓட்டுவது, முதுகுவலி, கடன். படித்து முடித்தபோது எனக்கு அந்தத் தந்தையை நன்றாகத் தெரிந்தது, மகனைத் தெரியவில்லை. "அப்பா ஊரில் இல்லாத இரவுகளில் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். மூன்றாம் ஆண்டு படிக்கும் தன் தம்பிக்கு வாசிக்க வராமல் இருந்ததையும், பழைய நாள்காட்டி அட்டைகளை வெட்டி எழுத்துகளை எழுதி, ஏறக்குறைய ஓராண்டு இரவுதோறும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையும், இப்போது தம்பி நாளிதழில் விளையாட்டுப் பக்கத்தை வாசிப்பதையும் சாதாரணமாகச் சொன்னான். அதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. குடும்ப வருமானத்தைச் சொல்ல விண்ணப்பப் பாரத்தில் தனிக் கட்டமே இருக்கிறது. சம்பளச் சீட்டும் இணைக்கப்படுகிறது. வறுமையை அந்தக் கட்டம் சொல்லிவிடும். அந்த வறுமைக்குள் இருந்துகொண்டு நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்லத்தான் கட்டுரை. இரக்கம் ஒரு வேளைச் சோறு வாங்கித் தரலாம். நான்கு ஆண்டுகள் ஒருவனை நம்பிப் பணம் போட வைக்காது.

இன்னொரு தங்கை புள்ளியியல் துறைக்கு விண்ணப்பித்தாள். 'நான் பொறுப்பான மாணவி. கணிதத்தில் ஆர்வம் உள்ளவள். ஓய்வு நேரத்தில் பெற்றோருக்கு உதவுவேன்' என்று எழுதியிருந்தாள். என்ன உதவி என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை இரவுச் சந்தையில் பெற்றோர் இடியப்பம் விற்கிறார்கள். சில வாரம் எட்டு மணிக்கே தீர்ந்துவிடும். சில வாரம் பாதி மிஞ்சிவிடும். மழைதான் காரணம் என்று அப்பா சொல்லி வந்தார். இவள் கடன் கணக்கு எழுதும் சின்ன 555 புத்தகம் ஒன்றை எடுத்து, மழையா வெயிலா, பள்ளி விடுமுறையா, மாதத்தின் எத்தனையாவது வாரம், எவ்வளவு மிச்சம் என்று எட்டு மாதங்கள் குறித்து வைத்திருக்கிறாள். மழை பெய்தாலும் சம்பள வாரத்தில் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. மூன்றாவது வாரத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். இப்போது அப்பா மூன்றாவது வாரத்தில் மாவைக் குறைத்துப் பிசைகிறார்.

"இதை ஏன்மா எழுதவில்லை?" என்றேன்.

"அது படிப்பு இல்லையேக்கா, வியாபாரம்தானே" என்றாள்.

புள்ளியியல் படிக்க விரும்பும் ஒருத்தி எழுத வேண்டியது அதைத்தானே! பிறகு அதையே எழுதினாள். அலங்காரம் ஏதும் சேர்க்கவில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி அந்தப் புத்தகத்தைப் பற்றியே இருந்தனவாம். அவள் மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டிய தேவையே இல்லாமல் போனது. இதை எழுதும்போது முடிவு இன்னும் வரவில்லை. எந்த முடிவு வந்தாலும், இந்த முறை அவர்கள் பார்த்து முடிவு செய்திருப்பது அவளை.

சிறந்த கட்டுரைக்கு நான் கண்ட இலக்கணம் இவ்வளவுதான்: வேறொருவர் கையெழுத்திட்டால் பொய்யாகிவிடும் கட்டுரையே நல்ல கட்டுரை. 'நான் கடின உழைப்பாளி' என்பதன் கீழ் எவரும் கையெழுத்திடலாம். 555 புத்தகத்தின் கீழ் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

என்ன கேட்கிறார்கள் என்று அறிந்து எழுதுவதும் அவசியம். பிரிட்டனுக்கு எழுதுவதும் அமெரிக்காவுக்கு எழுதுவதும் ஒன்று அல்ல. யூகாஸ் விண்ணப்பத்தில் 2026ஆம் ஆண்டு நுழைவிலிருந்து ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் உள்ளன: இந்தத் துறையை ஏன் படிக்க விரும்புகிறாய், உன் கல்வி உன்னை இதற்கு எப்படித் தயார்படுத்தியது, கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட 4,000 எழுத்துகள்தாம். அங்கே துறையின் மீதுள்ள பிடிப்புதான் முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்றுக்கொள்ளும் காமன் ஆப் விண்ணப்பத்தில் கட்டுரை 650 சொற்களுக்கு மேற்படக் கூடாது. அங்கே துறையைவிட ஆளைத்தான் அறிய விரும்புகிறார்கள். நம் நாட்டு நிறுவனங்கள், படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்பதை அழுத்திக் கேட்கும். ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி மூன்று இடங்களுக்கும் அனுப்பினால் மூன்று இடத்திலும் பொருந்தாது.

இங்கே மனம் வருந்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி தன் கட்டுரையில் தமிழ்ப்பள்ளியில் படித்ததை எழுதிவிட்டுப் பிறகு அடித்திருந்தாள். தமிழ்ப்பள்ளி என்று தெரிந்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். எழுதுவதும் எழுதாததும் அவள் விருப்பம். ஆனால், அடித்த காரணம் வெட்கமாக இருக்கக் கூடாது. பதின்மூன்று வயதில், எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கும் சின்னப் பள்ளியிலிருந்து, வகுப்பறையைத் தேடியே அலைய வேண்டிய பெரிய பள்ளிக்குப் போனோம். 'பின்னம்' ஒரே நாளில் 'பெச்சாஹான்' ஆனது. 'ஒளிச்சேர்க்கை' 'ஃபோத்தோசிந்தேசிஸ்' ஆனது. சிலர் ஓராண்டு புகுமுக வகுப்பிலும் இருந்து வந்தார்கள். தெரிந்த பாடத்தையே தெரியாத மொழியில் மறுபடியும் கற்று, ஐந்தாம் படிவத்தில் அந்த மொழியிலேயே தேர்வு எழுதித் தேறியிருக்கிறோம். புதிய சூழலுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டா என்று விண்ணப்பங்களில் கேட்கிறார்களே, இதைவிட என்ன சான்று வேண்டும்? பள்ளியில் ஆசிரியர் இல்லாமல் சனிக்கிழமைகளில் வெளியே சென்று தமிழ் இலக்கியத்தைக் கூடுதல் பாடமாகப் படித்து எஸ்.பி.எம். எழுதியவர்கள் நம்மில் பலர். அதையும் பெரும்பாலோர் எழுதுவதில்லை. நம்முடைய சொத்தை நாமே குப்பையில் போட்டுவிட்டு, 234 பேர் ஓட்டை போட்ட இரவு உடையைக் கடன் வாங்கப் போகிறோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நான் படிக்கும் தம்பி தங்கையரிடம், முதலில் தமிழில் எழுதிக் கொண்டு வரச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பதற்காக இல்லை, நினைவுபடுத்திக் கொள்வதற்காக. நிகழ்ந்ததெல்லாம் தமிழில்தான் நிகழ்ந்தது. அம்மா திட்டியது, தம்பி வாசித்தது, அப்பா மாவைக் குறைத்தது எல்லாம் தமிழில். ஆங்கிலத்தில் நினைக்கத் தொடங்கினால் பாடநூலில் படித்த தேய்ந்த சொற்களே முன்னால் வந்து நிற்கின்றன. நடந்ததை முதலில் தமிழில் பிடித்துக்கொண்டால், பிறகு எந்த மொழியிலும் எளிய சொற்களில் எழுதிவிடலாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நிமிடத்தில் பிழையற்ற ஆங்கிலத்தில் கட்டுரை எழுதித் தந்துவிடுகிறது. சில பல்கலைக்கழகங்கள் அதைத் தடை செய்கின்றன. சில வரம்பு விதிக்கின்றன. விதி எதுவாயினும், பிழையற்ற ஆங்கிலம் இனி அரிய பொருள் இல்லை என்பதுதான் உண்மை. ஒரு வகையில் இது நமக்கு நன்மை. ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கிறோம் என்று அஞ்சிய நமக்கும் மற்றவர்க்கும் இடையே இருந்த சுவர் தாழ்ந்திருக்கிறது. நாமே சொல்லித் தந்தால் ஒழிய, வெள்ளிக்கிழமை இரவுச் சந்தையில் எவ்வளவு இடியப்பம் மிஞ்சியது என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது.

கட்டுரையை வைத்து ஒருவரை மதிப்பிடுவது நியாயமான முறையா என்று கேட்டால், முழுமையாக ஆம் என்று என்னால் சொல்ல முடியாது. பணம் கொடுத்து ஆலோசகர் வைத்துக்கொள்பவருக்கும், வீட்டில் பட்டதாரி அண்ணன் இருப்பவருக்கும் அது சாதகமானது. மதிப்பெண்ணுக்கு அப்பாவின் வேலை தெரியாது என்பதால், ஏழை மாணவனுக்கு மதிப்பெண்தான் பாதுகாப்பு என்ற வாதத்திலும் வலு இருக்கிறது. ஆனால், ஆட்டத்தின் விதி பிடிக்கவில்லை என்பதற்காக நம் பிள்ளைகளைப் பயிற்சி இல்லாமல் திடலில் இறக்கிவிடுவது எந்த வகையில் நியாயம்? வீட்டில் பட்டதாரி அண்ணன் இல்லாதவனுக்கு அண்ணனாக இருக்கத்தானே பல்கலைக்கழகங்களில் தமிழ் அமைப்புகள் இருக்கின்றன?

ஆகவே, மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் அமைப்புகளுக்கு. கலைநிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் மாதக்கணக்கில் உழைக்கிறோம். அந்த உழைப்பில் சில வாரங்களை எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளிவரும் காலத்துக்கு ஒதுக்குவோம். ஓர் உறுப்பினருக்கு ஐந்து மாணவர்கள் போதும். ஒரே ஒரு கட்டுப்பாடு: எவருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது, கேள்வி மட்டுமே கேட்க வேண்டும். 'என்ன உதவி? எத்தனை மாதம்? பிறகு என்ன ஆனது?' என்ற கேள்விகளே போதுமானவை. எழுதிக் கொடுத்த கட்டுரை நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியில் அம்பலமாகிவிடும்.

இரண்டாவது, இந்த மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்களுக்கு. உங்களில் சிலர் இன்று நிறுவனங்களில் ஆள் தேர்வுக் குழுக்களில் அமர்கிறீர்கள். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது எது கண்ணில் படுகிறது, எது தூக்கம் வரவழைக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுது வந்து சொல்லுங்கள். நன்கொடையைக் காட்டிலும் அது பெரிய உதவி.

மூன்றாவது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டுவிட்டது. புள்ளிக்காக மட்டுமே எழுத வேண்டிய நெருக்கடி முன்போல் இல்லை. குடையும் மிதிவண்டியும் பேசட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது பிள்ளையையும் பேச விடுங்கள். 'நேற்று மாலை நான் செய்த ஒரு வேலை' என்று தலைப்புக் கொடுங்கள். அழகான தொடர் இல்லாவிட்டாலும், உண்மையான ஒரு செய்தி இருந்தால் அதைப் பாராட்டுங்கள். பத்து வயதில் 'நான்' என்று கூச்சமில்லாமல் எழுதப் பழகிய பிள்ளை, பதினெட்டு வயதில் வெற்றுத் தாளைக் கண்டு விழிக்காது.

பாரம் இவ்வாண்டும் திறக்கும். கடைசி நாள் இவ்வாண்டும் வரும். அதற்குள் ஒரு தம்பியையோ தங்கையையோ அழைத்து, "நீ என்ன செய்தாய், சொல்" என்று கேட்டுவிடுவோம்.